தொண்ணூறாம் நாள்

பாரிசவாதத்துக்கான ஒரு சிகிச்சை பயன் தந்ததா, தரவில்லையா என்ற வினாவுக்குரிய விடை, பெரும்பாலான ஆய்வுகளில், நோயாளி நோயுற்றுத் தொண்ணூறு நாள் கழிந்தபின், அவருடைய வீட்டு விறாந்தையில் அவருக்கெதிரே போடப்பட்ட ஒரு கதிரையில் இருந்தபடி எழுதப்படுகிறது. அவ்விடையை எழுதுவதே என் தொழிலாக இருந்தது. கல்முனைக் கரையோரத்திலே பிறந்து, தாதியாகப் பயிற்சி பெற்று, வைத்திய வாட்டுகளிற் சில காலம் கடமையாற்றிய பின்னர், நரம்பு நோய்கள் பற்றிய மருத்துவச் சோதனைகளில் நோயாளரைச் சேர்த்தல், அவரிடமும் குடும்பத்தாரிடமும் சம்மதம் பெறுதல், மருந்தைக் கண்காணித்தல், குறித்த காலத்தில் மீண்டும் சென்று பார்த்தல் ஆகிய பணிகளிலே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டேன். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே நீண்டு பொத்துவில் வரை செல்லும் அந்த ஒரே நெடுஞ்சாலையின் இருமருங்கிலும், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நெல்வட்டைகளுமாகக் கிடக்கும் இவ்வூர்களில், நான் நுழையாத ஒழுங்கை அரிது.

நரம்பு நோய்களை ஆராய்தல் ஏனைய நோய்களை ஆராய்வதிலும் கடினமானது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சோதிப்போர்க்குக் கருவி காட்டும் எண் துணையாகிறது. தொற்றுநோய்க்கு மருந்து தேடுவோர்க்குக் கிருமி அற்றுப்போதலே சாட்சியாகிறது. மூளையின் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டோ வெடித்தோ வீழ்ந்த மனிதன் எவ்வளவு தேறினான் என்பதற்கோ, அவன் எழுகின்றானா, நடக்கின்றானா, பேசுகின்றானா, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கின்றானா என்று அவனுடைய வாழ்க்கையையே அளந்து பார்ப்பதன்றி வேறு வழியில்லை. அதன்மேலும், ஒரே பெயரால் அழைக்கப்படும் நோய் இருவரிடத்து ஒரே வடிவில் வருவதில்லை; சிகிச்சைக்குரிய காலமோ சில மணி நேரமே; நோயாளியோ தன் விருப்பத்தைச் சொல்லும் வாக்கையே இழந்திருத்தல் கூடும். 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு மீளாய்வு, பாரிசவாதத்தில் மூளையைக் காப்பதற்கென ஆய்வுகூடங்களிற் பரீட்சிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026 என்றும், அவற்றுள் மனிதரிடத்திற் சோதனைக்கு வந்தவை 114 என்றும் கணக்கிட்டது. அத்தனை முயற்சியின் பின்னரும் வாட்டிலே நோயாளியின் கட்டிலை அடைந்த மருந்துகள் மிகச் சிலவே. மருந்துகளின் சக்தியின்மை இதற்கு ஒரு காரணமெனின், சோதனைகளை நடத்திய முறையின் குறைபாடு மற்றொரு காரணமாகும். அக்குறைபாட்டின் கணிசமான பகுதி நோயாளியின் வீட்டுக்கும் ஆய்வாளரின் மேசைக்கும் இடையிலே கிடக்கிறது என்பதே நான் இத்தொழிலிற் கற்ற பாடம்.

“பெரிய டொக்டருக்குத் தெரியாததையா எங்கட வாப்பாவ வெச்சுப் பார்க்கப் போறீங்க?” என்று வாட்டிலே என்னிடம் கேளாத குடும்பம் குறைவு. நியாயமான அக்கேள்விக்கு நான் எப்போதும் சொல்லிவந்த விடை தலைக்காயத்தைப் பற்றியது. தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவருக்கு மூளையின் வீக்கத்தைத் தணிக்கும் என்ற நம்பிக்கையிலே ஸ்டீரோயிட் மருந்தை ஏற்றும் வழக்கம் உலகெங்கும் பல தசாப்தங்கள் நிலவியது. அனுபவம் மிக்க வைத்தியர்கள் நல்லெண்ணத்துடனேயே அதனைச் செய்தனர். ‘க்ராஷ்’ என்ற பெயரில் நடந்த பெருஞ்சோதனை 10,008 நோயாளரைச் சேர்த்த நிலையில் இடையிலே நிறுத்தப்பட்டு, 2004ஆம் ஆண்டில் அதன் பெறுபேறு வெளியானபோது, இரு வாரங்களுக்குள் மரித்தவர்கள் மருந்து பெற்றோரிலே நூற்றுக்கு 21.1 எனவும், பெறாதோரிலே 17.9 எனவும் கண்டனர். உயிரைக் காப்பதாக எண்ணி ஏற்றிய மருந்து உயிரைக் குறைத்துக்கொண்டிருந்தது. எத்தனை சிறந்த வைத்தியராயினும் தம் வாட்டு ஒன்றை மட்டும் நோக்கி இவ்வளவு நுண்ணிய வேற்றுமையைக் கண்டிருத்தல் இயலாது. இதனைக் கேட்ட குடும்பத்தார் பலர் சம்மதித்தனர், சிலர் மறுத்தனர், மறுத்தவரது நோயாளிக்குரிய பராமரிப்பில் அணுவளவும் குறைவு நேராதபடி பார்த்துக்கொள்வதும் எங்கள் கடமையாயிற்று.

சம்மதம் என்பது ஒருவர் ஒரு தாளிலே இடும் ஒப்பம் என்று எண்ணுவோர் எங்கள் ஊர்க் குடும்பத்தின் அமைப்பை அறியார். இக்கரையோரத்து முஸ்லிம்களிடையே மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டிலே வாழ்வதும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஆகவே, அறுபது வயதான ஒருவர் வாய் கோணி, வலக்கை விழுந்து வாட்டுக்குக் கொண்டுவரப்படும்போது, கட்டிலருகே நிற்பவர்கள் மனைவியும் பெண்மக்களும் மருமகனும் ஆவர். அவருடைய உடன்பிறந்தாரோ தத்தம் மனைவியர் வீடுகளிலிருந்து வந்து சேர வேண்டியவர்கள். “காக்கா வரட்டும், மிஸ், அவர் சொன்னாத்தான் நாங்க கையெழுத்து வைப்பம்” என்று மனைவி சொல்லும் சொல்லில் நீண்டகால உறவின் மரியாதை அடங்கியிருக்கிறது. மூத்த மகன் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்பவனாயின் அவனுடைய குரலும் தொலைபேசியிலே கேட்டாக வேண்டும். இவையெல்லாம் நிகழுங்கால், மூளையின் திசுக்கள் நிமிஷந்தோறும் அழிந்துகொண்டிருக்கின்றன.

இந்நிலையில், பல பக்கங்களிலே நீளும் சம்மதப் பத்திரத்தை நீட்டி, வாசித்து ஒப்பமிடுக என்று சொல்வது நேர்மையான கேள்வியன்று. நாங்கள் செய்தது இது: நோயாளிக்கு நேரக்கூடிய நன்மை, தீமை, நாங்கள் அறியாதது எது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற உரிமை ஆகியவற்றை முதலிலே வாய்மொழியாகச் சொல்லி, கேட்டவரையே அவற்றைத் தம் சொல்லால் எங்களுக்குத் திருப்பிச் சொல்லுமாறு வேண்டினோம், அவர் திருப்பிச் சொன்னதில் எது விடுபட்டதோ அதனை மீண்டும் விளக்கினோம். நோயாளி தேறிப் பேச்சு மீண்டவுடன், அவருக்காக உறவினர் அளித்த சம்மதத்தை அவரே உறுதி செய்யவோ விலக்கவோ மறுபடியும் கேட்டோம். இவ்விரண்டாம் கேள்வியை வெறும் சம்பிரதாயம் என்று கருதுவது பெரும் பிழை. பேச்சற்றுக் கிடந்த நாட்களில் தம்மைச் சுற்றி நடந்தவற்றைப் பலர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றனர். தம் பெயரால் எடுக்கப்பட்ட முடிவைத் தமக்கே மீட்டுத் தருவதைக் கண்டபோது, அவர்களுடைய முகத்திலே தோன்றிய நிமிர்வை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எழுமாற்று முறையிலே யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி தீர்மானிக்கும் என்று சொல்லும்போது, எவருடைய முகமும் ஒருகணம் சுருங்குவது இயல்பு. ஒருவருடைய உயிரைச் சீட்டுக் குலுக்கலுக்கு விடலாமா என்று ஓர் இளைஞர் வெகுண்டு கேட்ட வேளையில், அவருடைய மாமனாராகிய முதியவர், நபியவர்கள் பிரயாணம் புறப்படும்போது தம் துணைவியருள் எவர் உடன்வருவது என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்மானித்தார்கள் என்ற ஹதீஸை நினைவூட்டி, இருவருக்கும் சமமான உரிமை உள்ள இடத்தில் மனிதனுடைய சாய்வு புகாதிருப்பதற்கு அதுவே நேர்வழி என்றார். எந்தப் பாடநூலும் எழுமாற்றின் தத்துவத்தை எனக்கு இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை. வைத்தியர் தாமே தெரிவு செய்வாராயின், தேறக்கூடியவர் என்று அவர் மனம் கணிப்பவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் திரண்டுவிடுவர். பின்னர் காணும் வேற்றுமை மருந்தினுடையதா, தெரிவினுடையதா என்று பிரித்தறிதல் ஒருவராலும் ஆகாது.

அண்மைக் காலத்திலே சோதனையின் அமைப்பையே நரம்பு நோயின் இயல்புக்கு ஏற்ப மாற்றிய முயற்சிகள் சில நம் நாட்டு வைத்தியசாலைகளையும் உள்ளடக்கி நடந்தன. பாரிசவாதம் கண்டவரை முதல் இருபத்துநான்கு மணி நேரமும் மட்டமாகப் படுக்கவைப்பது நல்லதா, தலையை முப்பது பாகையேனும் உயர்த்திவைப்பது நல்லதா என்ற, செலவற்ற, ஆயினும் ஒவ்வொரு வாட்டிலும் ஒவ்வொரு விதமாக விடையிறுக்கப்பட்டுவந்த கேள்வியை ‘ஹெட்போஸ்ட்’ ஆய்வு எடுத்துக்கொண்டது. இலங்கை உட்பட ஒன்பது நாடுகளிலே 114 வைத்தியசாலைகளும் 11,093 நோயாளரும் அதிலே சேர்ந்தனர். ஒவ்வொரு வைத்தியசாலையும் முழுமையாக ஒரு முறையைச் சில காலமும் மற்ற முறையைச் சில காலமும் கைக்கொண்டமையால், மூச்சுத் திணறிக் கிடக்கும் நோயாளியின் தலையணையருகே உறவினரோடு விவாதிக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. 2017இல் வெளியான விடை: இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவருக்கு அழுத்தம், சீனி, காய்ச்சல், இரத்தம் உறையாமைக்கு உட்கொண்ட மருந்தின் விளைவு ஆகிய நான்கையும் ஒருங்கே விரைந்து சீராக்கும் பராமரிப்பைச் சோதித்த ‘இன்டராக்ட்-3’ ஆய்விலும் இலங்கை பங்குகொண்டது. அதிலே, வட்டைகளில் முறைவைத்து வாய்க்கால் வாய்க்காலாக நீர் திறப்பதுபோல, வைத்தியசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறின. எவருக்கும் என்றென்றைக்கும் மறுக்கப்படாமலும், முன்னும் பின்னும் ஒப்புநோக்க இடமிருக்கும்படியாகவும் அது நடந்தது. 10 நாடுகளில் 121 வைத்தியசாலைகளில் 7,036 பேரைக் கொண்டு நடந்த அவ்வாய்வு, 2023இல் தன் முடிவை வெளியிட்டபோது, புதிய பராமரிப்பைப் பெற்றோரிடையே மரணமும் அங்கவீனமும் குறைந்திருக்கக் கண்டது. விலையுயர்ந்த மருந்தின்றியே உயிர்கள் காக்கப்படலாம் என்று அது காட்டியது, எம்போன்ற வைத்தியசாலைகளுக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது.

இனி, என் தொழிலின் மையமாகிய அளத்தலுக்கு வருவேன். கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் ஜோன் ரான்கின் 1957இல் வகுத்து, பின்னர் திருத்தப்பட்ட அளவுகோலிலே, பூச்சியம் என்பது யாதொரு குறையுமின்மை. ஐந்து என்பது படுக்கையே கதியாதல். ஆறு என்பது மரணம். 1965இல் அமெரிக்காவிலே தோன்றிய பார்த்தல் அளவுகோலோ, உண்ணல், குளித்தல், நடத்தல் முதலிய பத்துக் காரியங்களுக்கு மொத்தம் நூறு புள்ளி வகுத்து, அதிலே பத்தைப் படிக்கட்டு ஏறுதலுக்கு ஒதுக்குகிறது. எங்கள் ஊர்களின் பெரும்பாலான வீடுகளோ மாடியற்றவை. படிக்கட்டே இல்லாத வீட்டிலிருப்பவர் அதில் ஏற முடியுமா என்று ஊகித்துப் புள்ளியிடுவதில் என்ன சத்தியம் இருக்கிறது? மறுபுறம், அந்நோயாளியின் நாளில் ஐந்து வேளையும் வருகின்ற தொழுகைக்காக வுழுச் செய்தல், குனிதல், ஸுஜூதிலே நெற்றியைத் தரையில் வைத்து மீண்டும் எழுதல் ஆகியவை எந்தப் படிவத்திலும் இல்லை. “கதிரையில இருந்து தொழுறன், மகள், ஸுஜூது செய்ய ஏலா” என்று ஒரு மூதாட்டி சொன்னபோது, தம் அங்கவீனத்தின் முழு அளவையும் அவர் அந்த ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார்.

மருதமுனையிலே கைத்தறி நெய்தவர் ஒருவர், நடக்கவும் உண்ணவும் தாமே உடுத்தவும் வல்லவராய்த் தேறியிருந்தார். அளவுகோலின்படி அவர் பெற்றது நல்ல எண். ஆயினும் இடக்காலால் மிதியை அழுத்தவும் நாடாவை இருபுறமும் ஓட்டவும் இயலாமையால் அவருடைய தறி நின்றுபோயிற்று, குடும்பத்தின் வருமானமும் நின்றுபோயிற்று. கரைவலை இழுப்பவருக்கும், வட்டையிலே வரம்பு கட்டுபவருக்கும், நோய் பறித்தது வேறுவேறாயிருந்தது. வலக்கை முடங்கியவர் இடக்கையால் உண்பதற்குக் கூசி, விருந்துக்கும் கந்தூரிக்கும் செல்லாதொழிவதையும் நான் கண்டிருக்கிறேன். நான் கூற விழைவது, உலகம் முழுவதும் ஒப்பிடற்குரிய பொது அளவுகோல்களைக் கைவிட வேண்டும் என்பதன்று. அவற்றைப் பயன்படுத்துவோர் அந்தந்த ஊரின் வாழ்க்கையிலிருந்தே கேள்விகளைக் கேட்டு எண்ணை நிர்ணயிக்கப் பயிற்றப்பட வேண்டும் என்பதும், நோயாளர்தாம் எதை இழந்ததாகக் கருதுகின்றனரோ அதுவும் பெறுபேறுகளுள் ஒன்றாக ஆய்வு தொடங்குமுன்னரே எழுதப்பட வேண்டும் என்பதுமாகும். ஒரு மருந்து மெய்யாகவே தரும் சிறு நன்மை, பொருந்தாத அளவுகோலின் பிழையிலே மறைந்து, பயனற்றதென்று தள்ளப்படுமாயின், அந்த நட்டம் நோயாளர் அனைவருக்கும் உரியது.

அளப்பதற்கு முன்னர் ஆளைக் காண வேண்டும். 2004 டிசம்பர் 26இன் கடல்கோளிலே கரையோர வீடுகள் அழிந்தபின் பல குடும்பங்கள் உட்புறக் குடியேற்றங்களுக்குச் சென்றன. பழைய முகவரி சிலரது அடையாள அட்டையில் மட்டுமே நிலைத்தது. தொலைபேசி இலக்கம் மகனுடையதாயிருக்கும். மகன் வெளிநாடு சென்றால் அது அணைந்துபோகும். ஆகவே, வாட்டைவிட்டு நீங்கும் அன்றே, அவரவர் சம்மதத்தோடு, பள்ளிவாசல் எது, பெண்மக்கள் எந்தெந்த ஒழுங்கையில் இருக்கின்றனர், எந்தக் கடையிற் கேட்டால் வீடு காட்டுவர் என்பனவற்றை எழுதிக்கொள்வோம். தொலைந்துபோகும் நோயாளர் எழுமாற்றாகத் தொலைவதில்லை. மிக நன்றாகத் தேறி வேலைக்குச் சென்றோரும், மிக மோசமாகி வீட்டார் மனமுடைந்தோருமே பெரும்பாலும் கைநழுவுவர். அவர்களை விட்டு மீந்தவரைக் கொண்டு எழுதும் விடை, எத்தனை நுட்பமான கணிதத்தாலும் நேராகாது. சந்திப்பு நாள் அறுவடைக் காலத்திலோ ஹஜ்ஜுப் பெருநாளிலோ வீழ்ந்தால் முன்பின்னாக மாற்றும் இடம் திட்டத்திலேயே இருக்க வேண்டும். நோன்பு மாதத்திலே வலிப்பு நோயாளர் மூன்று வேளை மாத்திரையைத் தாமாகவே இரண்டாக்கிக்கொள்வதும், நோயாளிக்குச் சலுகை உண்டென்று மௌலவி எடுத்துரைத்தும் சிலர் நோன்பை விட மனங்கொள்ளாமையும் நாங்கள் அறிந்தவை. ஸஹரிலும் நோன்பு திறக்கையிலும் உட்கொள்ளத்தக்க மருந்துமுறையை முன்கூட்டியே வைத்தியரோடு வகுத்த ஆய்விலே மருந்து தவறுதல் குறைந்தது.

பரிசாரியாரிடம் எண்ணெய் போட்டுப் பிடித்ததையும் கசாயம் குடித்ததையும் எங்களிடம் மறைத்தவர் பலர். தாதி ஏசுவாள் என்ற அச்சமே காரணம். ஏசாமல், முகஞ்சுளியாமல், அன்றாட விஷயமாக அதனைக் கேட்டுப் பதிந்தாலன்றி, தேறியது எதனால் என்ற கணக்கு கலங்கிவிடும். அவ்வாறே, நோயாளி எந்தச் சிகிச்சைக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை அளப்பவர் அறியலாகாது என்ற விதியும் வீட்டு விறாந்தையிலே எளிதாக உடையக்கூடியது. அன்பினாலே மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து காட்ட முனையும் உம்மாமாரிடம், முதலில் ஸலாம் சொல்லி, பெட்டியை உள்ளேயே வைக்கும்படி வேண்டிக்கொண்டு, அதன்பின்னரே கேள்விகளைத் தொடங்குவது என் வழக்கமாயிற்று.

எதிர்பார்த்த நன்மை காணப்படாத ஆய்வு வீணானது என்ற எண்ணம் மக்களிடம் மட்டுமன்றி வைத்தியரிடமும் உண்டு. குடும்பத்தவர் ஒருவரைப் பயிற்றி வீட்டிலேயே புனர்வாழ்வுப் பயிற்சி அளிக்கச் செய்தால் பாரிசவாத நோயாளர் தேறுவர் என்ற நம்பிக்கை, எம்மைப் போன்ற குடும்பப் பிணைப்புள்ள சமுதாயங்களுக்கு இயல்பானது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரைக் கொண்டு நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு அதனைச் சோதித்து, ஆறு மாதத்தின் முடிவிலே மரித்தோரும் பிறரைச் சார்ந்திருப்போரும் இரு குழுவிலும் நூற்றுக்கு 47 எனச் சமமாயிருக்கக் கண்டு, 2017இல் ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. அவ்விடை என் மனத்துக்கு உவப்பானதன்று. ஆயினும், தாயைத் தேற்ற இயலவில்லையே என்று தம்மையே நொந்துகொள்ளும் பெண்மக்களிடம், உங்கள் உழைப்பிற் குறையில்லை, நோயின் வலிமை அத்தகையது என்று ஆதாரத்தோடு சொல்ல அது எனக்கு உதவியது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளருக்குரிய பணத்தை மிச்சப்படுத்தக் குடும்பத்தின் தலையிற் சுமையேற்ற முனையும் நிர்வாகத்துக்கும் அது ஓர் எச்சரிக்கை. இத்தகைய முடிவுகள் மறைக்கப்படாதிருத்தற்காகவே சோதனைகளை முன்கூட்டிப் பதிவுசெய்யும் முறை வந்தது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் நம் நாட்டின் பதிவேடு 2006இல் தொடங்கியது.

தலைநகரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள எம்போன்ற இடங்களிலே நல்ல ஆய்வு நடவாது என்று சொல்வோர்க்கு நம் நாட்டின் சரித்திரமே மறுமொழி. பூச்சிநாசினி நஞ்சினால் சில நாட்களின் பின்னர் கழுத்தும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும் நோய்க்குறியை 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சேனாநாயக்க, கரலியத்த என்னும் இலங்கை வைத்தியர்கள். நஞ்சுண்டோருக்குக் கரித்தூள் கொடுப்பதன் பயனைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வு, கொழும்புக்கு வெளியிலுள்ள நம் நாட்டு வைத்தியசாலைகளிலே 4,632 பேரைச் சேர்த்தது. நெல்வட்டைகளின் ஓரத்திலே பிறந்த கேள்விக்கு அவ்வட்டைகளின் ஓரத்து வைத்தியசாலைகளே விடை கண்டன. தமிழ் பேசும் கிழக்குக் கரையின் வலிப்பு, மறதிநோய், பாரிசவாதம் ஆகியவை பற்றிய கேள்விகளும் இங்கிருந்தே எழ வேண்டும். பிறர் வகுத்த ஆய்வுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் இடமாக மட்டும் இக்கரை இருத்தல் போதாது.

ஆகையால், நரம்பு நோய்ச் சோதனைகளுக்குப் பணம் அளிப்போரிடமும், அனுமதி வழங்கும் ஒழுக்கநெறிக் குழுவினரிடமும் நான் வேண்டுவது இது. மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் பற்றிக் கேட்கும் அதே கண்டிப்போடு, தொண்ணூறாம் நாள் இந்நோயாளியின் வீட்டுக்குச் செல்பவர் யார், அவர் அவ்வூரின் மொழியும் வழக்கமும் அறிந்தவரா, ஆய்வு முடியும்வரை அவருடைய வேதனத்துக்கும் பிரயாணத்துக்கும் ஒதுக்கீடு உண்டா என்று கேளுங்கள். ஓர் ஆய்வு முடிந்தவுடன் கள ஊழியரைக் கலைத்துவிட்டு, அடுத்த ஆய்வுக்குப் புதியவரைத் தேடும் வழக்கத்தை விடுங்கள்; குடும்பங்களின் நம்பிக்கை அந்த ஊழியரோடு சேர்ந்தே வளர்கிறது, அவரோடு சேர்ந்தே போய்விடுகிறது. பெறுபேறு சஞ்சிகையில் வெளியாகும் அதே வாரத்திலே, பங்குகொண்டவர்களுக்கும், அவர்களுள் மரித்தோரின் குடும்பங்களுக்கும், எளிய தமிழிலும் சிங்களத்திலும் அதனைக் கொண்டுசென்று சொல்வதற்கான செலவை முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதுங்கள். மரணத்தின் விளிம்பிலே நிற்கும் தம் மனிதரை, தமக்குப் பயன்படாவிடினும் இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்று எங்களிடம் அமானிதமாகத் தந்தவர்கள் அவர்கள். என்ன கண்டறிந்தோம் என்பதை முதலிற் கேட்கும் உரிமை அவர்களுக்கே உண்டு.